பள்ளியைப் பல்லியாக்கும் பொறி

(ஆய்வு மாணவர் அவைக்கென அமைந்த பொழிவு)

 

ஒவ்வோர் ஆய்வேட்டின் இறுதியிலும் பலர் படியாமலே மூடிவிடுகின்ற பக்கங்கள் சில உள. அவை துணைநூற் பட்டியல் அடங்கிய பக்கங்கள். ஆய்வாளன் எந்தெந்த நூலைக் கற்றான், எவரெவரிடம் கடன்பட்டான் என்பதற்கு அப் பக்கங்களே சான்று. கடன் வாங்கியவன், கொடுத்தவன் பெயரைப் பிழைபட எழுதிவைத்தால் அது நேர்மையான கணக்காகாது. அதுபோலவே, மேற்கோள் காட்டிய நூலின் பெயரைத் திரித்தெழுதினால் அது நேர்மையான சான்றாகாது. பின்னால் வருபவன் அப் பெயரைக் கொண்டு நூலகத்தில் தேடுவான், நூல் கிடையாது, அப்படியொரு நூலே இல்லையென்று முடிவு கட்டுவான். ஓரெழுத்துப் பிழையால் ஒரு நூல் உலகத்தார் கண்ணுக்கு மறைந்துபோகும்.

இப் பிழையை இற்றை நாளில் மாந்தர் மட்டும் செய்வதில்லை, பொறிகளும் செய்கின்றன. நூற்பட்டியல் அமைக்கும் மென்பொருள்கள் பல உள. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு முதலியவற்றை ஒருமுறை அவற்றில் பதிந்துவைத்தால் போதும். எந்த இதழ் எந்த நடையில் கேட்டாலும் அந் நடையில் அவை பட்டியலை அமைத்துத் தரும். உழைப்பு மிச்சம்; காலமும் மிச்சம். இதில் ஐயமில்லை. ஆனால், அவ்வாறு அமைக்கும்போது நூற்பெயரிலுள்ள எழுத்துகளை அவை மாற்றவும் செய்கின்றன என்பதைப் பலர் அறியார். எந்த மொழியின் நெறிப்படி மாற்றுகின்றன, அந் நெறி ஏனை மொழிகளுக்குப் பொருந்துமா என்பதே இப் பொழிவின் பொருள்.

பெரியதும் சிறியதும்

இலத்தீன் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று பெரியது, மற்றொன்று சிறியது. பண்டை உரோமர் கல்லில் வெட்டியவை பெரிய வடிவங்களே. சிறிய வடிவங்கள் விரைந்தெழுதும் கையெழுத்திலிருந்து படிப்படியாக வளர்ந்தவை. சார்லமேன் மன்னன் காலத்தில், ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், அவை சீரானதோர் உருவை எய்தின. அச்சுக்கலை தோன்றிய பின்னர், அச்சுக்கோப்போர் பெரிய எழுத்துகளை மேற்பெட்டியிலும் சிறிய எழுத்துகளைக் கீழ்ப்பெட்டியிலும் இட்டுவைத்தனர். அதனாலேயே ஆங்கிலத்தில் இன்றளவும் அவை மேற்பெட்டி எழுத்து, கீழ்ப்பெட்டி எழுத்து என்னும் பொருளுடைய பெயர்களால் வழங்குகின்றன.

தமிழுக்கு இவ் வேறுபாடு இல்லை. தொல்காப்பியம் முதலெழுத்து 30, சார்பெழுத்து 3 என வகுத்தது. தமிழில் குறிலும் நெடிலும் உண்டு. வல்லினமும் மெல்லினமும் இடையினமும் உண்டு. எழுத்தின் உருவத்தில் உயர்வு தாழ்வு இல்லை. மன்னன் பெயரும் இரவலன் பெயரும் ஒரே அளவில் எழுதப்பெறும்.

ஆங்கிலத்தில் நூற்பெயரை எழுத இரண்டு வழக்கங்கள் உள. முதல் வழக்கில், பெயர்ச்சொல், வினைச்சொல், அடைச்சொல் முதலிய தலைமைச் சொற்கள் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும்; சிறு இணைப்புச் சொற்கள் மட்டும் சிறிய எழுத்தில் நிற்கும். இதனைத் தலைப்பு முறை என்க. இரண்டாம் வழக்கில், முதற்சொல்லும், ஆட்பெயர், ஊர்ப்பெயர் முதலிய சிறப்புப்பெயர்களும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும்; ஏனைய யாவும் சிறியன. இதனைத் தொடர் முறை என்க.

1906இல் முதன்முதல் வெளிவந்த சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பக நெறிநூலும், 1951இல் தன் நடைத்தாளை வெளியிட்ட அமெரிக்கத் தற்கால மொழிக் கழகமும் தலைப்பு முறையைக் கொள்வன. 1929இல் தன் முதல் நெறிகளை வெளிப்படுத்திய அமெரிக்க உளவியற் கழகம், பட்டியலில் கட்டுரைப் பெயருக்கும் நூற்பெயருக்கும் தொடர் முறையையும், இதழ்ப் பெயருக்குத் தலைப்பு முறையையும் இன்று கொள்ளும். 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களால் தோன்றிய நடை தொடர் முறையைப் பின்பற்றும்.

தலைப்பு முறையை எழுதும் வகையிலேனும் ஒற்றுமை உண்டோ எனின், அதுவும் இல்லை. பெயர்க்கு முன் நிற்கும் இடைச்சொல் நான்கெழுத்தோ அதற்கு மேலோ உடையதாயின் பெரிதாக்குக என்பது உளவியற் கழகத்தின் நெறி. சிகாகோ நெறிநூலோ, அத்தகைய சொல் எவ்வளவு நீண்டதாயினும் சிறிதாகவே எழுதுக என்று நெடுங்காலம் சொல்லிவந்து, 2024இல் வந்த 18ஆம் பதிப்பில், ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் உடையவற்றைப் பெரிதாக்குக என்றது. இவற்றை இவ்வளவு விரித்துரைப்பது ஏன்? இவை ஆங்கில மொழியின் இலக்கணமே அல்ல, பதிப்பிப்போரின் பழக்கமே என்பதை உணர்த்துதற்கே.

பொறியின் கை

1978இல் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் தொனால்டு கனூத்து, டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை வெளியிட்டார். அதன்மேல் இலெசிலி இலாம்போர்ட்டு என்பார் இலாட்டெக் என்பதை அமைத்தார். அதனொடு சேர்ந்தியங்குமாறு 1985இல் ஓரன் பட்டாசுனிக்கு என்பார் பிப்டெக் என்னும் நூற்பட்டியல் மென்பொருளை உருவாக்கினார். நாற்பதாண்டு கடந்தும் கணிதம், இயற்பியல், கணிப்பொறியியல் ஆகிய துறைகளில் அது வழக்கில் உள்ளது.

பிப்டெக்கின் அடிப்படை நடைகள் நூலின் பெயரை உள்ளவாறே விட்டுவிடும். கட்டுரையின் பெயரையோ அவ்வாறு விடா. அதன் முதலெழுத்தையும், முக்காற்புள்ளியை அடுத்து வரும் சொல்லின் முதலெழுத்தையும் ஒதுக்கி, எஞ்சிய எழுத்துகளையெல்லாம் சிறியனவாக மாற்றும். சிறப்புப்பெயர் எது, பொதுப்பெயர் எது என்பது பொறிக்குத் தெரியாது. ஆங்கிலக் கட்டுரைப் பெயரின் நடுவே தமிழ் என்னும் சொல் வந்தால், ஆங்கில எழுத்துமுறைப்படி பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய அச் சொல்லைச் சிறிய எழுத்தில் தொடங்கச் செய்துவிடும். மதுரைக்கும் அந் நிலையே. பாரதிதாசனுக்கும் அந் நிலையே.

இதனைத் தடுக்கும் வழியையும் பட்டாசுனிக்கு அமைத்தே வைத்துள்ளார். மாறக்கூடாத எழுத்தையோ சொல்லையோ சுருள் அடைப்புக்குறிக்குள் இட்டுவிட்டால் பொறி அதைத் தொடாது. வேலிக்குள் இருக்கும் பயிரை மாடு மேயாதது போல என்க. ஆனால் வேலியிட வேண்டிய கடமை உழவனுடையது; மாட்டினுடையது அன்று.

பெரிய எழுத்தைச் சிறியதாக்குதல் எளிது. சிறியதாக்கியதை மீட்டல் அரிது. சைனா என்னும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் சீன நாடு. சிறிய எழுத்தில் தொடங்கினால் பீங்கான். டர்க்கி என்பது பெரிதாயின் துருக்கி நாடு, சிறிதாயின் வான்கோழி. மார்ச்சு என்பது பெரிதாயின் ஒரு திங்களின் பெயர். சிறிதாயின் படைஞரின் அணிநடை. எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்குமாறு பதிந்த பெயரைத் தொடர் முறைக்கு மாற்றச் சொன்னால், எது நாடு, எது பீங்கான் என்று பொறி எவ்வாறு அறியும்?

அதனாலேயே, 2006இல் அமெரிக்காவின் சியார்சு மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சோட்டெரோ என்னும் மென்பொருள், நூற்பெயர்களைத் தொடர் முறையிலேயே பதிந்துவைக்குமாறு அறிவுறுத்துகின்றது. தொடர் முறையில் உள்ளதைத் தலைப்பு முறைக்கு மாற்றுதல் பொறிக்குப் பெரிதும் இயலும். மறுதலையாக மாற்றுதல் அதற்கு இயலாது.

ஆயினும், பதிவுகள் வந்துசேரும் இடங்கள் பல. நூலகப் பட்டியல்கள் பெரும்பாலும் தொடர் முறையில் எழுதுவன. பதிப்பகத்தார் பலர் தலைப்பு முறையில் எழுதுவர். தொடக்கக் காலக் கணிப்பொறிகள் பலவற்றில் சிறிய எழுத்தே இல்லாமையால், பழைய பதிவுகள் சில முற்றும் பெரிய எழுத்துகளாகவே கிடைக்கும். இம் மூவகையும் ஒரே ஆய்வேட்டின் பட்டியலில் கலந்து கிடத்தலைக் காணலாம். அது பொறியின் குற்றமன்று. ஒருமுறையேனும் படித்துத் திருத்தாதவர் குற்றம்.

ஒரு மொழியின் நெறி மற்றொரு மொழிக்கு ஆகுமா?

இனி, ஆங்கிலமல்லாத மொழிகளின் நிலையைக் காண்க. செருமன் மொழியில் பெயர்ச்சொல் எதுவாயினும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். அஃது அம் மொழியின் எழுத்திலக்கணம். ஆர்ம் என்னும் செருமன் சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் கை என்று பொருள்படும். சிறிய எழுத்தில் தொடங்கினால் ஏழையான என்று பொருள்படும். செருமன் கட்டுரையின் பெயரை ஆங்கிலத் தொடர் முறைக்கு மாற்றும் பொறி, அதன் பெயர்ச்சொற்கள் அனைத்தையும் பிழையாக்கிவிடும். இசுபானிய மொழியின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கு நூற்பெயரின் முதற்சொல்லும் சிறப்புப்பெயரும் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலத் தலைப்பு முறையை அதன்மேல் ஏற்றினால் அம் மொழியார் எழுதாத எழுத்தாக அது முடியும்.

துருக்கி மொழியின் நிலை இன்னும் நுட்பமானது. அங்கே புள்ளியுள்ள இகரமும் புள்ளியில்லாத இகரமும் வெவ்வேறு உயிர்கள். 1928இல் இலத்தீன் எழுத்தை மேற்கொண்டபோது, இரண்டுக்கும் தனித்தனியே பெரிய வடிவமும் சிறிய வடிவமும் வகுத்துக்கொண்டனர். புள்ளியில்லாத பெரிய எழுத்தை ஆங்கில நெறிப்படி சிறியதாக்கினால் அதன் தலையில் புள்ளி முளைத்துவிடும், ஓருயிர் மற்றோருயிராகும், சொல் வேறு சொல்லாகும்.

எழுத்து வழக்கை மாற்றவே கூடாது என்பதன்று. தென்மார்க்கு நாட்டாரும் செருமானியரைப் போலவே பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கிவந்தனர். 1948இல் அவ் வழக்கைத் தாமே கைவிட்டனர். அஃது அவர் மொழி, அவர் உரிமை. அவ் வுரிமை பொறிக்கு இல்லை.

இவ் வுண்மையை மென்பொருள் அமைப்போரும் காலப்போக்கில் உணர்ந்தனர். சோட்டெரோ முதலியவை பயன்படுத்தும் மேற்கோள் நடைமொழியில், தலைப்பு முறைக்கு மாற்றும் கட்டளை ஆங்கிலப் பெயர்களின்மேல் மட்டுமே செல்லும் என வரையறுத்தனர். இலாட்டெக்கொடு இயங்கும் பிப்லாட்டெக் என்னும் புதிய தொகுதியும் தொடர்முறை மாற்றத்தை நூலின் மொழியறிந்து செய்ய வல்லது. ஆனால், நூல் எம் மொழியது என்பதைப் பொறிக்குச் சொல்ல வேண்டியவர் பதிவோரே. அதற்கென்றே மொழி என்னும் கட்டம் ஒன்றுள்ளது. அக் கட்டத்தை வெறுமையாக விட்டால், ஆங்கில நடையைத் தாங்கிய பொறி அந் நூலை ஆங்கில நூலென்றே கொள்ளும். செருமனும் ஆங்கிலமாகும், இலத்தீன் எழுத்தில் எழுதிய தமிழும் ஆங்கிலமாகும்.

தமிழுக்கு நேரும் கேடு

பெரிய எழுத்தே இல்லாத தமிழுக்கு இதனால் என்ன கேடு என வினவலாம். தமிழ் நூலின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதினால், பெரிதாக்கவோ சிறிதாக்கவோ அங்கு எதுவும் இல்லை. பொறி கைவைக்க இடமில்லை. ஆனால் அயல்நாட்டு இதழ்கள் பல, தமிழ் நூற்பெயரை இலத்தீன் எழுத்தில் தருமாறு கேட்கின்றன. அங்கேதான் இடர் பிறக்கின்றது.

தமிழை இலத்தீன் எழுத்தில் எழுதப் பல வழிகள் இருப்பினும், இங்குக் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, 1924 முதல் 1936 வரை ஆறு மடலங்களாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் வழி. ளகரத்துக்கு எல் எழுத்தின் கீழே புள்ளி. ழகரத்துக்கு அதன் கீழே கோடு. ணகரத்துக்கு என் எழுத்தின் கீழே புள்ளி. றகரத்துக்கு ஆர் எழுத்தின் கீழே கோடு. இரண்டாவது, புள்ளியும் கோடும் தட்டச்சிட இயலாத கணிப்பொறிகளில் பரவிய வழி. அங்கே சிறிய எல் லகரம், பெரிய எல் ளகரம். சிறிய ஆர் ரகரம், பெரிய ஆர் றகரம். பெரிய என் ணகரம். சிறிய என், நகரமும் னகரமும்.

இந்த இரண்டாம் வழியில் எழுதிய பெயரைப் பிப்டெக்கிடம் கொடுத்தால் நேர்வதென்ன? ஒருவர் தமிழகத் திண்ணைப் பள்ளிகள் என்னும் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார் எனக் கொள்க. வீட்டுத் திண்ணையில் ஆசிரியர் அமர்ந்து, மாணவரை மணலில் எழுத்தெழுதச் செய்து கற்பித்த பழைய கல்விமுறையைப் பற்றிய கட்டுரை அது. அதனை மேற்கோள் காட்டும் மற்றொருவர் இரண்டாம் வழியில் எழுதிப் பதிகின்றார். பொறி பெரிய எழுத்துகளைச் சிறியனவாக்குகின்றது. ளகரம் லகரமாகின்றது, பள்ளி பல்லியாகின்றது. கல்வி வரலாற்றுக் கட்டுரை, திண்ணையில் ஊரும் பல்லிகளைப் பற்றிய கட்டுரையாகிவிடுகின்றது!

கேட்போர்க்கு இது நகைப்பைத் தரலாம். ஆனால் திண்ணையில் பல்லி இருத்தல் இயல்பாகலின், தமிழறிந்தவரே ஐயுறாமல் அதனை நம்பிவிடக்கூடும் என்பதே இதன் கொடுமை. பொருளற்ற பிழை கண்டவுடன் அகப்பட்டுவிடும். பொருள்தரும் பிழை மெய்யாகவே உலவும். பள்ளி மட்டுமன்று, களை கலையாகும், மணம் மனமாகும், வளம் வலமாகும், வானத்துப் பறவை பரவையாகிக் கடலில் வீழும். தலைப்பு முறைக்கு மாற்றினாலோ, சொல்லின் முதலெழுத்துப் பெரிதாகி, நூல் என்பது ணூல் என்றாகும். ணகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய நெறி. ஆங்கிலம் மட்டும் கற்பிக்கப்பெற்ற பொறி அதனை எங்ஙனம் அறியும்?

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துப் பெரும்பாலும் ஓர் அணி. இவ் வழியில் எழுதிய தமிழில் அது வேறோர் எழுத்து. அணியைக் கழற்றினும் ஆள் நிற்பான். உறுப்பை அரிந்தால் நிற்கமாட்டான்.

ஆசிரியர் பெயர்

நூற்பெயர்க்கு நேர்வதே ஆசிரியர் பெயர்க்கும் நேர்கின்றது. மேலைநாட்டாருள் பெரும்பாலோர்க்குத் தம் பெயர் முன்னும் குடிப்பெயர் பின்னும் நிற்கும். பட்டியலில் குடிப்பெயரை முன்னிட்டு, தம் பெயரை முதலெழுத்தாகச் சுருக்குவர். தமிழருள் பலர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் தம் பெயர் பின்னும் நிற்பதே வழக்கம். பொறியோ கடைசிச் சொல் எதுவாயினும் அதனைக் குடிப்பெயர் என்றே கொள்ளும். அதனால் மறைமலை அடிகள், ‘அடிகள், ம.’ ஆவார். ஞா. தேவநேயப் பாவாணர், ‘பாவாணர், ஞா. தே.’ ஆவார். வேதாசலம் என்னும் பெயரை நீக்கி, மறைமலை என்னும் தமிழ்ப்பெயரைத் தாமே தெரிந்து பூண்டவரின் அப் பெயரைப் பொறி ஓரெழுத்தாகக் குறுக்கிவிடுகின்றது!

அந்த ஓரெழுத்தேனும் பிழையின்றி வருமோ எனின், அதற்கும் உறுதியில்லை. ஒருங்குகுறியைச் சேமிக்கும் வழக்கமான முறையில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைட்டு வேண்டும். தே என்பதில் தகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு குறி, ஆறு பைட்டு. ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் கணக்கில் அமைந்த பழைய பிப்டெக், பெயரைச் சுருக்கும்போது முதற் பைட்டை மட்டும் வெட்டியெடுக்கும். எஞ்சுவது எழுத்தன்று, சிதைவு. பிப்லாட்டெக்கொடு இயங்கும் பைபர் என்னும் மென்பொருள் ஒருங்குகுறியை அறிந்து இயங்குவது. தமிழ்ப் பெயர்களை ஆள்வோர் அதனைத் தெரிந்துகொள்வது நன்று.

செய்ய வேண்டியவை

இவ் விடர்களைத் தவிர்க்க இளைய ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்கவை ஐந்து.

முதலாவது, தமிழ் நூலின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதிக. இதழ் கேட்குமாயின் இலத்தீன் வடிவத்தை அருகில் துணையாகத் தருக. தமிழ் வடிவத்தை நீக்கற்க.

இரண்டாவது, இலத்தீன் எழுத்தில் எழுத நேர்ந்தால் பேரகராதியின் வழியையே மேற்கொள்க. புள்ளியிட்ட எழுத்துகளும் கோடிட்ட எழுத்துகளும் ஒருங்குகுறியில் இன்று உள. அவற்றைப் பெரிதாக்கினும் சிறிதாக்கினும் கீழுள்ள புள்ளி நீங்காது. ளகரம் ளகரமாகவே நிற்கும்.

மூன்றாவது, மொழிக் கட்டத்தை ஒருபோதும் வெறுமையாக விடற்க. தமிழுக்குரிய குறியீடு டி, ஏ என்னும் இரண்டே எழுத்து. அதனைத் தட்டுதற்கு ஒரு நொடியும் ஆகாது.

நான்காவது, ஆங்கிலப் பெயர்களைத் தொடர் முறையில் பதிக. பிப்டெக்கில் சிறப்புப்பெயர்க்கு மட்டும் சுருள் அடைப்பு இடுக. பெயர் முழுவதற்கும் இட்டால், இதழ் வேண்டும் மாற்றத்தையும் பொறி செய்ய இயலாது. தமிழ், செருமன் முதலிய ஏனை மொழிப் பெயர்க்கோ முழுப்பெயரையும் அடைப்பிட்டுக் காத்தலே தக்கது. மறைமலை அடிகள் போன்றார் பெயரைச் சோட்டெரோவில் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் எழுதுக. பிப்டெக்கில் முழுவதையும் அடைப்புக்குள் இடுக.

ஐந்தாவது, அச்சிடுமுன் பட்டியலை அந்தந்த நூலின் முகப்பேட்டொடு ஒப்பிட்டுத் தம் கண்ணால் படிக்க. இதற்கு ஈடாக எந்தப் பொறியும் இல்லை.

அவையோரே! பொறியைப் பகையாகக் கருத வேண்டா. அது நல்லதோர் ஏவலாள். ஆயிரம் நூற்பெயரைத் தாங்கும், அயராது அடுக்கும். ஆனால் அது கற்றது ஒரு மொழியின் ஒரு வழக்கமே. தான் அறியாத மொழியையும் அவ் வழக்கத்துக்கே இழுக்கும். இழுத்ததைத் தவறென்றும் அறியாது. அறிந்து தடுக்க வேண்டியவர் அதனை ஏவுகின்றவரே.

நூலுக்குப் பெயரிட்டவர் அதன் ஆசிரியர். பல்லாண்டு உழைத்தெழுதிய நூலுக்கு ஒவ்வோர் எழுத்தையும் எண்ணியே அவர் பெயரிட்டிருப்பார். அப் பெயரை அவர் எழுதியவாறே அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பதே மேற்கோள் காட்டுவோர் செய்யும் நன்றிக்கடன். செருமன் நூல் செருமனாகவும், துருக்கி நூல் துருக்கியாகவும், தமிழ் நூல் தமிழாகவும் பட்டியலில் நிற்க! அடிகள் மறைமலையோடு நிற்க! பள்ளி பள்ளியாகவே நிற்க!